வண்ணார்பேட்டை வரை வெயில்

ஏப்ரல் 6

மகள் பெர்சிஸ் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள். புது வீட்டில் தச்சு வேலை மட்டும்தான் பாக்கியாம். மே மாதம் கடைசி சனிக்கிழமை குடிபுகும் பிரதிஷ்டை.

"ஹால்ல ஒரு சுவரை உங்களுக்குன்னு சும்மா விட்டிருக்கேன்மா. உங்க நீல இலைப் படம் பன்னிரண்டு வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் சுவர் பொக்கை வாய் மாதிரி இருக்கும்."

"பன்னிரண்டா? நான் பொழுதுபோக்குக்குச் செய்யுறேன் புள்ள."

"அதெல்லாம் தெரியாது. வேற எதையும் அங்க மாட்ட மாட்டேன்."

பள்ளிக்கூடத்தில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தொடங்கியது இந்த வேலை. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் மூடி, வெயிலில் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். வெயிலில் அலைகிறவர் கையில் கடிகாரம் கட்டிய இடம் மட்டும் வெளுத்திருக்கிறதே, அதே கணக்குதான்.

பன்னிரண்டு. செய்துவிடலாம்.

ஏப்ரல் 8

குளியலறையை இருட்டாக்கித் தாள்களுக்கு மருந்து பூசினேன். இவர் கதவுக்கு வெளியே நின்று புட்டியின் சீட்டை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பொட்டாசியம் ஃபெரி... சயனைடு. எப்சி, நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா வாயால சொல்லிடு."

சாப்பாட்டு உப்பில் குளோரின் இருக்கிறது, தனியாக வந்தால் மூச்சை அடைக்கும், சோடியத்தோடு இறுகச் சேர்ந்துகொண்டதால் அதை ரசத்தில் போடுகிறோம், இதிலும் இரும்பு சயனைடை அப்படித்தான் இறுகப் பிடித்திருக்கிறது என்று விளக்கினேன்.

"அப்ப இதையும் ரசத்துல போடலாம்ங்கிற."

"இது ரசத்துக்கு இல்ல. கைய வச்சுக்கிட்டுச் சும்மா போங்க."

பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பேச்சில் ஒருவரையும் இறங்க விடமாட்டார்.

ஏப்ரல் 10

மாடியில் இடத் தகராறு. கீழ்வீட்டு ஆவுடையம்மாள் வத்தல் போட்டு விற்கிறாள். மாடி முழுவதும் வேட்டி விரித்துக் கூழ் பிழிந்து வைத்திருந்தாள். என் பலகையை வைக்க ஓரடி இடமில்லை.

"ஆவுடை, கொஞ்சம் ஒதுக்கிக்கிடக் கூடாதா?"

"டீச்சர், நீங்க இலையைக் காயப் போடுதிய. நான் சோத்தைக் காயப் போடுதேன். எது பெருசு, நீங்களே சொல்லுங்க."

"இலை காயுறதுக்கு இல்ல, படம் எடுக்குறதுக்கு."

"அது என் மொகத்தை எடுத்தாலாவது இடம் குடுக்கலாம்."

கடைசியில் இவர் மத்தியஸ்தம் செய்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற கோட்டுக்குக் கிழக்கே எனக்கு, மேற்கே அவளுக்கு. நிழல் நகர நகர எல்லையும் நகரும் என்பதை இரண்டு பேருமே கவனிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

ஏப்ரல் 11

காற்று. இலை நிற்கவில்லை.

ஏப்ரல் 13

முதல் ஆறு படங்கள். வேப்பங்கொத்து, முருங்கை இணுக்கு, குப்பைமேனி.

நேரம் பார்க்க என் கைக்கடிகாரம் உதவவில்லை. இப்போதெல்லாம் முள்ளை ஏன்தான் இவ்வளவு மெல்லியதாகச் செய்கிறார்களோ. இவரை நேரம் சொல்லச் சொன்னேன். இவர் தொட்டி நிழலில் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், ஜங்ஷனிலிருந்து பஸ் கிளப்பினார். கண்ணை மூடிக்கொண்டால் இவருக்கு அந்த வழித்தடம் மனதில் ஓடும், எந்த நிறுத்தம் எப்போது வரும் என்று.

"பாலம் ஏறியாச்சு... ஆத்துல தண்ணி கம்மி... வண்ணார்பேட்டை, வண்ணார்பேட்டை. இறங்குறவங்க இறங்கலாம்."

நான் கண்ணாடியை எடுத்துத் தாளைத் தண்ணீரில் போட்டேன். கைக்கடிகாரத்தை விட இது ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஆனால் படம் சரியில்லை. நீலம் வரவில்லை. பழைய சாக்பீஸ் தூசி படிந்த கரும்பலகை போல ஒரு மங்கல். தாள் மட்டமாக இருக்கலாம். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் "சரியில்லை. மீண்டும் செய்" என்று எழுதினேன்.

"நல்லாத்தான இருக்கு எப்சி," என்றார் இவர். வீட்டில் சமாதானம் விரும்புகிறவர்.

"கீழ போடுததை எனக்குத் தாங்க டீச்சர், அலமாரியில விரிச்சுக்கிடுதேன். எவ்வளவு அழகா இருக்கு," என்றாள் ஆவுடை. அவள் மார்க் குறைக்கவே தெரியாத பரிசோதகர். தின்பண்டத்தை மட்டும் அதன் மேல் வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16

தாளை மாற்றினேன். அதே மங்கல். வெயில் போதவில்லை என்று தோன்றுகிறது. வண்ணார்பேட்டையைத் தாண்டி முருகன்குறிச்சி நிறுத்தம் வரை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பரவாயில்லை.

ஏப்ரல் 19

சமாதானபுரம் வரை.

"கண்டக்டர் சொல்லுதேன், இது ரொம்ப தூரம்," என்றார் இவர். "டிக்கெட் எடுத்தது வண்ணார்பேட்டைக்கு."

அலசிப் பார்த்தபோது பின்னணி நல்ல அழுத்தமாக, இலை வெளியே தெரிந்தது. இதுதான். முதல் பாஸ். தனி உறைக்குள் வைத்தேன்.

முருகன்குறிச்சிப் படங்கள் ஆவுடைக்குப் போயின. இரண்டாம் மாடிப் போஸ்ட்மாஸ்டர் வீட்டிலும் அலமாரியில் விரிக்கக் கேட்டார்களாம். இந்தக் குடியிருப்பில் இத்தனை அலமாரியா?

ஏப்ரல் 20

ஆலயத்தில் டியூப்லைட்டை மாற்றச் சொல்லிக் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். பாட்டுப் புத்தகத்தின் புதுப் பதிப்பில் எழுத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது எதிரே வந்த வண்டிகளின் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக இருந்தது. கம்பெனிகள் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

காபியில் உப்புப் போட்டுவிட்டேன். இவர் முழுவதையும் குடித்துவிட்டு, "சயனைடு இல்லையே, சரி," என்றார்.

ஏப்ரல் 24

இன்று நடந்ததைப் பெர்சிஸிடம் சொன்னால் ஒரு மணி நேரம் சிரிப்பாள்.

மருந்து பூசிய பெரிய தாளைப் பலகையில் பரப்பி, கறுப்புத் துணியால் மூடி, மாடிப்படி அறையில் வைத்துவிட்டுச் சாப்பிட வந்தேன். திடீரென்று நாலு தூறல். ஆவுடை ஓடிப்போய் அரைகுறையாகக் காய்ந்த வத்தலை வாரிக்கொண்டு வந்திருக்கிறாள். கைக்குக் கிடைத்த பலகையில் துணியை உருவிவிட்டுக் கொட்டினாள். தூறல் நின்று வெயில் வந்ததும் அதே பலகையைத் தூக்கிப் போய் வெயிலில் வைத்துவிட்டாள்.

நான் மேலே போனபோது என் தாளில் வளையமும் சுருளுமாக வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆவுடை, அந்த வத்தல் அவ்வளவையும் கொட்டிரு. ஒண்ணுகூட வாயில போடக் கூடாது."

"என்ன டீச்சர், விடியக்காலம் எந்திச்சுக் கிண்டின கூழு."

"மருந்து பட்டிருக்கு. நாளைக்கு நானே உக்காந்து கிண்டித் தாரேன்."

"நீங்க கிண்டினா அது உங்க ரசம் மாதிரி தண்ணியால்லா இருக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே கொட்டினாள்.

தாளை வீணாக்க மனமில்லாமல் அலசினேன். எழுதப் பழகும் குழந்தை சுவரில் கிறுக்கியது போல இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து வழக்கமானதை எழுதினேன். ஆவுடை அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 25

கூழ் கிண்டினேன். தோள் வலி. கட்டி தட்டியிருக்கிறது என்று ஆவுடை சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 30

பெர்சிஸ் ஒரு நாளுக்கு வந்து போனாள். பாஸ் உறையைத் திறந்து ஒன்பது படங்களையும் கட்டிலில் பரப்பிக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மீண்டும் முதலிலிருந்து பார்த்தாள்.

"இதுதானாம்மா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"இல்ல... நல்லா அழுத்தமா இருக்கு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கண்ணாடி மாத்தி எத்தனை நாளாச்சு?"

கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது, துடைத்தால் போதும் என்று சொன்னேன்.

வத்தல் வாங்கக் கீழே போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள். வத்தல் வாங்க மறந்துவிட்டாளாம். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்த முகமாக இருந்தாள். ஆவுடை ஏதாவது கதை சொல்லியிருப்பாள்.

என் பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது நான் சிறுமி. அறுக்கும்போதும் அவர் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாராம். அதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 2

ஒரு சோதனை.

பெர்சிஸ் கேட்ட கேள்வி தைத்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் ஒரு மாணவியின் விடை மற்றவர்களோடு ஒத்துவரவில்லை என்றால், உப்பைக் குறை சொல்லாதே, முதலில் உன் புட்டியைக் கழுவு என்பேன். அதையே எனக்குச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அரச இலையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சதை நீக்கி, நரம்பு மட்டும் மிஞ்சிய சருகு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதே சருகு, அதே தாள், மூன்று படம். ஒன்று வண்ணார்பேட்டை, ஒன்று முருகன்குறிச்சி, ஒன்று சமாதானபுரம். பின்னால் அ, ஆ, இ என்று குறித்து, காய்ந்ததும் கலைத்துப் போட்டேன். இவரைத் தனியாகவும் ஆவுடையைத் தனியாகவும் அழைத்து, எது சிறந்தது என்று கேட்டேன். முகத்துக்காகச் சொல்லக் கூடாது என்று கண்டித்தேன்.

இவர் "அ" எடுத்தார். ஆவுடையும் "அ" எடுத்தாள். நான் எடுத்து வைத்திருந்தது "இ".

"ஏன் இது?" என்று ஆவுடையிடம் கேட்டேன்.

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? இதுல வலை மாதிரி நரம்பு அம்புட்டும் தெரியுது. கொசுவலை கணக்கா. நீங்க வச்சிருக்கதுல நடுத்தண்டு மட்டுந்தான் இருக்கு. மிச்சமெல்லாம் இருட்டு."

"அ" படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இவருடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்.

எனக்கு எந்த வலையும் தெரியவில்லை.

"இது என்ன நிறம் ஆவுடை?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கேலியாகப் பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

"நீலம் டீச்சர். மழை முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் வானம் இருக்குமே, அந்த நீலம்."

மே 3

இரண்டு பரிசோதகர்கள் ஒத்துப்போகிறார்கள். மூன்றாவது கருவியில்தான் கோளாறு.

டியூப்லைட்டைப் பற்றிக் கமிட்டியிடம் பேச வேண்டாம்.

மே 5

கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சின்னப் பெண், என் மாணவிகளில் ஒருத்தி போல முகம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகிப் பழுப்பேறிவிட்டது, நீலம் முதலில் மறையும் என்றாள். பத்து வருடமாக நன்னாரி சர்பத் டம்ளர் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டேன்.

"சுவத்துக்கு நாள் இருக்கு. முதல்ல இதை முடிப்போம்," என்றார் இவர்.

"ஆபரேஷன் செஞ்சா ரெண்டு வாரத்துக்கு வெயில், தண்ணி, குனியுறது ஒண்ணும் கூடாதாம். படம் எப்படிச் செய்யுறது?"

"உனக்குப் படமா பயம்?"

பெரியப்பாவைப் பற்றி இவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"எனக்குச் செஞ்சப்ப நீதான் வெளிய உக்காந்திருந்த. கண்ணுக்குள்ள ஒரு வெளிச்சம் ஆடும், அவ்வளவுதான். ஆத்துக்குள்ள முங்கி மேல பார்த்தா சூரியன் தெரியுமே, அப்படி. எனக்கு வெளிய வரவே மனசில்ல."

எட்டு வருடத்தில் இதை இவர் சொல்வது முதல் தடவை. நான் கேட்டதும் இல்லை.

மே 12

இது எப்சிபா சொல்ல, ஞானசிகாமணி எழுதுவது. அவளை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே போகும்போது என் கையை நசுக்கிவிட்டாள். இதை அவள் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். வெளியே வந்து சொன்னது: வெளிச்சம் ஆடியது உண்மை, ஆறு என்றது கொஞ்சம் கூடுதல். டாக்டரம்மாவுக்குப் படுத்திருந்தபடியே ஒளிவிலகல் பாடம் எடுத்திருக்கிறாள். நாளை கட்டு அவிழ்ப்பார்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சிவப்புப் பென்சிலை ஒளித்து வைத்திருக்கிறேன்.

மே 13

கட்டு அவிழ்த்தார்கள்.

முதலில் தெரிந்தது இவருடைய சட்டை. சாம்பல் நிறம் என்று நினைத்து நானே கடையில் எடுத்துக் கொடுத்தது. நீலம். இப்படி ஒரு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு வருடமாகத் திருநெல்வேலியைச் சுற்றி வந்திருக்கிறார்.

"சொல்லக் கூடாதா?"

"சாம்பல் கலர் சட்டை போட்டா நான் கௌரவமா இருக்கேன்னு நீ சொன்ன. நான் என்னத்தைச் சொல்ல."

வீட்டுக்கு வந்ததும் பாஸ் உறையைத் திறந்தேன். ஒன்பது படமும் அடிப்பிடித்த சட்டி. கரும் பூச்சுக்குள் இலை என்ற பெயரில் ஒரு கறை. சிரிப்பு வந்தது. சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று இவர் பதறினார்.

பிறகு ஆவுடை வீட்டுக்கு என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். அலமாரியில் ஒரு தாளும் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் இருந்தன. வேம்பு, முருங்கை, குப்பைமேனி. ஒவ்வொன்றும் ஆழமான நீலம், கீழ்ப்பக்கம் தெளிந்து மேல்பக்கம் அடர்ந்து. வேப்பிலையின் ஓரத்து ரம்பப் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பென்சிலில் என் கையெழுத்து: சரியில்லை. மீண்டும் செய்.

நடுவில் வத்தல் படம். நீல வானத்தில் வெள்ளை வெள்ளையாக வளையமும் சுருளும். தூறல் நின்ற நேரத்தின் ஈரத்தில் ஓரங்கள் பஞ்சு போலக் கரைந்திருந்தன. என் கையால் செய்த எதுவும் அவ்வளவு அழகாக வந்ததில்லை.

"ஆவுடை, இதைப் பெர்சிஸ் சுவத்துக்குத் தாயேன்."

"தந்தது தந்ததுதான் டீச்சர். அன்னைக்கே உங்க மக கேட்டா. முடியாதுன்னுட்டேன். வாழ்க்கையில ஒரு தடவை என் வத்தலைப் படமா எடுத்து மாட்டியிருக்கேன். அதையும் கேட்டா எப்படி?"

கேட்டது தப்பு. நியாயம் அவள் பக்கம்.

மே 14

நாலு வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். எல்லா வீட்டுச் சுவரிலும் என் ஃபெயில்கள். போஸ்ட்மாஸ்டர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில். யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை.

அப்படியானால் பன்னிரண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். நாளோ குறைவு. நான் வெயிலில் நிற்கக் கூடாது.

மே 16

மாடிப்படி அறைக்குள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலியில் நான். வெளியே குடையின் கீழ் இவர் பஸ் ஓட்டுகிறார். கண்ணாடியைத் தூக்குவதும் தண்ணீரில் அலசுவதும் ஆவுடை. மாடி முழுவதையும் எனக்கு விட்டுவிட்டாள். வத்தல் ஒரு வாரம் நிற்கட்டும் என்றாள்.

"வண்ணார்பேட்டை," என்றார் இவர்.

"எடுக்கட்டா டீச்சர்?"

"எடு."

"பழைய ஞாபகத்துல சமாதானபுரம் போயிராதிய."

தட்டில் தண்ணீருக்குள் பச்சை மஞ்சளாகக் கிடந்த தாள் மெல்ல வெளுத்து, பிறகு நீலம் எழுந்து வந்தது. தண்ணீரைத் தொடக் கூடாது என்பதால் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வினையின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

மே 21

பதினொன்று முடிந்தது. கொன்றை, பப்பாளி, அரசு, இன்னும் எட்டு. பன்னிரண்டாவதற்கு வைத்திருந்த தாளை மழை நனைத்துவிட்டது. மருந்தும் தீர்ந்தது. கடையில் அடுத்த மாதம்தான் வருமாம்.

பெர்சிஸிடம் சொன்னேன். பொக்கை வாயும் அழகுதான் என்றாள்.

மே 30

பிரதிஷ்டை. தூத்துக்குடி.

சபைப் போதகரான ஐயர் ஜெபம் செய்து முடித்ததும் எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். பதினொரு படம், நடுவில் ஒரு வெறும் ஆணி. ஒவ்வொருவரும் அந்த ஆணியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்போது ஆவுடை வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். மடியில் வைத்தால் கண்ணாடி உடையும் என்று இடுப்பில் அணைத்துப் பிடித்தபடி. செய்தித்தாளைப் பிரித்தாள். வத்தல்.

"ஆவுடை, தர மாட்டேன்னு சொன்னியே."

"நீங்க கேட்டா தர மாட்டேன் டீச்சர். இது நானா கொண்டாந்தது. வீடு பால் காச்சுறப்ப கையை வீசிட்டா வர முடியும்?" பெர்சிஸ் பக்கம் திரும்பினாள். "உங்க அம்மாகிட்டச் சொல்லி எனக்கு இன்னொண்ணு செஞ்சு குடுக்கச் சொல்லு. இந்தத் தடவை நல்ல அரிசியில பிழிஞ்சு வைக்கேன்."

ஆணி நிறைந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஓரத்தில் இருந்த சிவப்பு எழுத்தை அழிக்க ரப்பர் கேட்டேன். பெர்சிஸ் விடவில்லை. அதோடு சேர்த்துத்தான் படம் என்றாள்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் கிட்டே போய் வாசித்தார். "சரியில்லை, மீண்டும் செய்... யாரு எழுதினது?"

இவர் இலையிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: "கண்டக்டர் சொன்ன ஸ்டாப்புல இறங்காதவங்க."

வலது கண்ணை மூடிப் பார்த்தேன். சுவர் முழுவதும் நீலம். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். சாக்பீஸ் தூசி. கூட்டத்தில் யாரும் கவனிக்காதபடி இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி மூடினேன். ஆவுடை கவனித்துவிட்டாள்.

"என்ன டீச்சர், பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி கண்ணடிக்கிய?"

மே 31

வலது கண்ணுக்கு ஜூன் ஒன்பது. நானே போன் செய்து கேட்டு வாங்கினேன்.

காலையிலேயே நல்ல வெயில். ஆவுடை மாடியில் வேட்டி விரித்துக் கூழ் பிழிகிறாள். மேற்கே, அவள் பக்கத்திலேயே, ஓரடி எனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாள்.